மாட்டு மருந்தும் வளர்ப்பு நாயும்: மேற்குச் சென்னைப் புறநகர்ச் சூழலில் ஒரு விளக்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன ஏரிப் பாசனமும் கால்நடையும் சார்ந்த ஊர்களாக இருந்தவை. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை உருவானபின் வயல்கள் குறைந்தன. இன்று அடுக்ககங்களில் நாயும் பூனையும் வளர்கின்றன. மாட்டுக்குரிய கைவைத்தியம் இவற்றுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மாட்டின் வயிற்று உப்புசத்திற்கும் செரிமானக் கோளாறுக்கும் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் மரபு மருந்தில் வெங்காயம் 100 கிராம், பூண்டு 10 பல், இஞ்சி, சீரகம், மிளகு, மஞ்சள், வெற்றிலை, வெல்லம் முதலியன சேர்கின்றன. 400 கிலோ எடையுள்ள மாட்டிற்கு இவ்வெங்காயம் கிலோவிற்குக் கால் கிராமே. 5 கிலோ நாய்க்கோ அது 20 கிராம். கிலோவிற்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாயின் குருதியைச் சிதைக்கப் போதுமானது. பூனைக்கு 5 கிராமே போதும். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்து சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. பூண்டும் அத்தகையதே. சோர்வும் ஈறு வெளிறலும் சில நாள் கழித்தே தோன்றக்கூடும் என்பதால், சோர்ந்த நாய்க்கு அதே மருந்தை மீண்டும் புகட்டும் இடர் உண்டு.

சீன மரபும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 1608இல் யூ பென்யுவான், யூ பென்ஹெங் சகோதரர் தொகுத்த விலங்கு மருத்துவ நூலின் முதன்மைப் பொருள் குதிரையே. செல்லப்பிராணிகளின் செரிமானத்திற்கும் ‘சீ’ எனும் உயிராற்றலுக்கும் இன்று விற்கப்படும் மூலிகைக் கலவைகள் சிலவற்றின் வேர் உழைப்பு விலங்குகளின் மருத்துவத்தில் உள்ளது. ஆகவே ‘இயற்கையானது’ என்ற சொல்லைவிட, எவ்விலங்கிற்கு, எந்த எடைக்கு என்பதே முதலில் கேட்கத்தக்கது.