சிலோன்காரர் எந்த நாட்டுக் குடிமக்கள்?

ஜெகதளா, குன்னூர், கோத்தகிரி பக்கம் 'சிலோன்காரங்க' என்ற பேச்சு இன்றும் புழங்குகிறது. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லைதான். ஆனாலும் இலங்கையிலிருந்து வந்த இவர்கள் இந்தியக் குடிமக்களா, அகதிகளா என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் தமிழகமும் சிலோனும் ஒரே குடையின் கீழ் இருந்தன. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் 1947 தேர்தலில் அங்கே வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு நாடாளுமன்ற இடங்களைப் பெற்றுத் தந்தார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அதைப் புரட்டிப் போட்டது. அங்கேயே பிறந்திருந்தாலும், தகப்பனாவது அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் (வரிசைக் குடியிருப்பில்) பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுப்படி தூதரகத்தில் பதிந்து இந்தியராகலாம், பெரும்பாலோர் பதியவில்லை. இரண்டு நாட்டுக்கும் வேண்டாதவர்களாக, நாடற்றவர்களாக நின்றார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று, இரு நாட்டுப் பிரதமர்களின் பெயரால் வழங்கும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை அழைத்துப் பேசாமலே போட்ட கணக்கு இது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்த ஒப்பந்தப்படி வந்தவர்கள் கப்பலேறும் முன்பே இந்தியராகப் பதிவானவர்கள். இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்று, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அவர்களுக்காகத் தொடங்கப்பட்டவைதான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். ஆகவே இவர்கள் தாயகம் திரும்பியோர், அகதிகள் அல்லர். வாக்கு, சொத்து, அரசு வேலை எல்லாவற்றிலும் நமக்குள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு. அந்தப் பழைய குடும்ப அட்டையைப் பேரப்பிள்ளைகளும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களின் நிலை வேறு. அவர்களில் தேயிலைத் தோட்டப் பகுதியின் மலையகத் தமிழரும் உண்டு. ஒப்பந்தப்படி இங்கே வந்து குடியேறியவர்களுக்குச் சொந்தக்காரர்களும் உண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததால் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே. இலங்கை அதில் இல்லை.

அவர்களின் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஒரே அகதி முகாமில், ஒரே தாய்க்கு 1986இல் பிறந்த அக்கா இந்தியக் குடிமகள். 1988இல் பிறந்த தம்பிக்கு இன்றுவரை எந்த நாட்டின் வாக்காளர் பட்டியலிலும் பெயர் இல்லாமல் இருக்கலாம்.