“ஊ...” என்று ஊளையிடும் ஹெரால்டு! பின்பக்கப் பல்சக்கரம் படும் பாடு

ஒத்தக்கடை: யானைமலையை ஒட்டி மேலூர் ரோட்டில் பழைய ஹெரால்டு கார் ஒன்று போனால், இன்றைக்கும் டீக்கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அழகைப் பார்ப்பவர் பாதி. “ஊ...” என்று பின்னாலிருந்து வரும் ஊளையைக் கேட்டுத் திரும்புபவர் மீதி!

அந்த ஊளைதான் இன்றைய சமாச்சாரம். “பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று விட்டவர்கள் பலர். சில நூறு ரூபாய் பேரிங்கில் முடிய வேண்டிய வேலை, எங்கே தேடியும் கிடைக்காத பல்சக்கரத்தில் போய் நிற்கும். அப்புறம் கார் ஷெட்டில். மேலே தார்ப்பாய்!

ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்

ஹெரால்டு சாதாரண வம்சம் இல்லை. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி வெளியிட்ட கார். இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உருவம். இதே காரின் சட்டத்தைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பைப் பொருத்தி, 1962-ல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் விற்றது. இரண்டுக்கும் பின்பக்க அமைப்பு ஒரே ஜாதி.

நம்மூர் ஹெரால்டு 1961 முதல் மதராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் பிறந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம் ஆட்கள் நாலு கதவு வைத்துக் காட்டினார்கள்! சோழவரம் பந்தய ஓட்டத்திலும் ஹெரால்டு ஓடியது.

களத்து மாடு கணக்கு

டிஃபரன்ஷியல் என்றால் என்ன? நெற்களத்தில் பிணையல் மாடு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். உள்மாடு அசைந்தாடி நடக்கும். வெளிமாடு ஓட வேண்டும். மேலூர் ரோட்டிலிருந்து திருமோகூர் ரோட்டில் கார் திரும்பும்போதும் அதே கதைதான். வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், உள்பக்கத்துக்குக் குறைவு. இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கினால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். அந்த வித்தியாசத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல்.

உள்ளே பெரிய கிரவுன் சக்கரம், அதைச் சுற்றும் சின்ன பினியன். பினியன், கிரவுனின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லோடு பல் உருள்வதோடு நிற்காமல் வழுக்கிக்கொண்டும் போகும். இதற்கு ‘ஹைபாய்டு’ என்று பெயர். சத்தம் குறைவு, பலம் அதிகம். ஆனால் இதற்கென்றே உள்ள கெட்டியான 90 நம்பர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். “ஆயில்தானே” என்று இஞ்சின் ஆயிலை ஊற்றினால் பல்லுக்குச் சங்குதான்!

மெக்கானிக் பயந்த ஆக்சில்

அம்பாசிடர், பியட் கார்களில் டிஃபரன்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். ஹெரால்டில் அது சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கும். இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள் கை வீசுவதுபோல் தனித்தனியாக ஆடும். ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்கே, டிஃபரன்ஷியலின் தலைமேல். பள்ளத்தில் சொகுசு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலோ, பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அமெரிக்காவில் இதே மாதிரி ஆக்சில் வைத்த கார்வெர் காரை ரால்ஃப் நேடர் 1965-ல் புத்தகம் போட்டுக் கிழித்தார். ஸ்பிட்ஃபயர்காரர்கள் 1970-ல் ஸ்பிரிங்கை மாற்றி ஓரளவு சரிக்கட்டினார்கள்.

மதராஸ் கம்பெனி வேறு வழி பிடித்தது. 1972-ல் ஹெரால்டுக்குப் பதில் ‘கெசல்’ விட்டபோது, ஆடும் ஆக்சிலையே தூக்கிவிட்டுச் சாதாரண ஆக்சில் போட்டது. நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பழைய அமைப்பு பிடிக்கவில்லை என்பதே சொல்லப்படும் காரணம். கம்பெனியே 1980-களின் கடைசியில் கதவை மூடியது. ஹெரால்டு வைத்திருப்பவர் பாடு அம்போ!

சத்தம் சொல்லும் சேதி

ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஊளை வந்து, காலை எடுத்ததும் நின்றால் பல் தேய்ந்திருக்கும், இல்லை பொருத்தம் பிசகியிருக்கும். காலை எடுத்த பிறகு ஊளை வந்தால் பினியன் பேரிங் மேல் சந்தேகம். எப்போதும் ‘கரகர’வென்றால் பேரிங். கிளட்சை விடும்போது ‘டக்’ என்று இடித்தால்? உடனே டிஃபரன்ஷியலைக் கழற்றச் சொல்லும் ஆளிடம் உஷார்! நடு ஷாஃப்டிலும் அரை ஆக்சில்களிலும் சேர்த்து நாலு கிராஸ் இருக்கிறது. முதலில் அவற்றை ஆட்டிப் பார்க்க வேண்டும். பல தடவை திருடன் அங்கேதான் இருப்பான்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஃபரன்ஷியலில் மரத்தூளையும் வாழைப்பழத் தோலையும் திணித்து ஊளையை அமுக்கி விற்பது உலகம் முழுக்கப் பிரசித்தமான தில்லுமுல்லு. வண்டி வீடு வரை வாயைத் திறக்காது. மறுவாரம் பாடும்! பார்க்கப் போகும்போதே ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து மோந்து பாருங்கள்.

தாள் கனத்தில் விளையாட்டு

நடு ஷாஃப்டின் நாலு போல்ட், இரண்டு பக்க ஆக்சில் இணைப்பு, மேலே ஸ்பிரிங். இவற்றோடு சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் கழற்றினால் டிஃபரன்ஷியல் கையோடு வந்துவிடும். வீட்டில் பார்க்கக்கூடிய வேலை இதுவரைதான்.

அடுத்தது கைராசிக்காரர் வேலை. கிரவுன் சக்கரக் கூடு பேரிங்கோடு இறுகி உட்கார்ந்திருக்கும். பெட்டியை இம்மி அளவு அகட்டி எடுக்க முறையான கருவி உண்டு. கடப்பாரையை விட்டு நெம்பினால் வார்ப்பு விரிசல் விடும். அந்தப் பெட்டி பிறகு பழைய இரும்புக்குத்தான்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்தவை. ஜோடி எண் பொறித்திருக்கும். புதுப்பேட்டையில் ஒரு வண்டிக் கிரவுனையும் இன்னொரு வண்டிப் பினியனையும் பொறுக்கி வந்து மாட்டுவது கல்யாண மண்டபத்தில் பெண்ணை மாற்றி உட்கார வைப்பது மாதிரி. ஊளை நிற்காது.

பிறகு ஷிம் என்னும் மெல்லிய தகடுகள். பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், கிரவுன் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்கு. ஒரு தாளின் கனம்தான்! பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. ஓரத்தில் விழுந்தால் மறுபடி கழற்று, தகடு மாற்று, மறுபடி மாட்டு. ஒரு நாள் முழுக்க இதிலேயே ஓடும். கூலியைப் பேரம் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

பல்லே போய்விட்டால்?

கை கொடுப்பது ஸ்பிட்ஃபயர் தம்பிதான். இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டையும் கட்டிக் காக்கிறது. ஸ்பிட்ஃபயர் லட்சக்கணக்கில் விற்றதால் அதற்கு உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது.

ஆனால் பல் கணக்கு வேறு. 948 சிசி இங்கிலாந்து ஹெரால்டில் பினியன் 4.875 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆரம்ப ஸ்பிட்ஃபயரில் 4.11. அதை இதில் மாட்டினால் சமதளத்தில் இஞ்சின் அலறாமல் பறக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மீட்டரும் பொய் சொல்லும். முள் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 59-ல் போய்க்கொண்டிருக்கும்!

வேலை முடிந்து முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். எடுத்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். மாவு மாதிரிப் பொடி ஒட்டினால் பரவாயில்லை. சில்லு ஒட்டினால் வண்டியை மறுபடியும் ஜாக்கியில் ஏற்ற வேண்டியதுதான்.