பனிமலையில் ‘மூன்று’ என்றால் என்ன?

கடந்த தை மாதம் சுவிஸில் பெரியம்மாவின் மகன் வீட்டில் நின்றேன். விடுமுறை நாட்களில் பாதை போடாத மலைகளில் பனிச்சறுக்குப் போகிறவர் அவர். ஒரு மாலை 5 மணிக்குக் கைத்தொலைபேசியைத் திறந்தார். டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வரும் நேரம் அது. காலை 8 மணிக்கும் ஒன்று வரும்.

“மூண்டு போட்டிருக்கு. நாளைக்கு அந்தச் சரிவு வேண்டாம்.”

ஐந்தில் மூன்று நடுத்தரம்தானே என்று நினைத்தேன். அப்படியில்லை. படிக்குப் படி ஆபத்து பன்மடங்காகிறது. மூன்றாம் நிலையில், செங்குத்தான சரிவொன்றை உடைக்க ஓர் ஆளின் பாரமே போதுமானதாக இருக்கலாம். சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இந்த நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். நான்கு, ஐந்து என்றால் அநேகமானோர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அண்ணா வரைபடத்தைக் காட்டினார். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளுக்கு நிறம் பூசியிருந்தது. பெரும்பாலான பலகைச் சரிவுகள் அங்கேதான் உடைகின்றன. கீழே சீனி போல ஒட்டாத பழைய பனி, மேலே காற்று குவித்து இறுக்கிய புதுப்பனி. மிதித்தால் ‘வும்’ என்ற அடங்கிய சத்தம் கேட்கும், காலடியிலிருந்து வெடிப்பு ஓடும். கேட்டால் திரும்பிவிட வேண்டும். கீழே சமதரையில் நின்று மிதித்தாலும் மேலுள்ள சரிவு உடைந்து வரலாம்.

மறுநாள் காட்டுப் பாதையில் நடந்தோம். எதிர்ச் சரிவில் இரண்டு சறுக்குத் தடங்கள் தெரிந்தன. “அவைக்கு ஒண்டும் நடக்கேல்லையே?” என்றேன். பனி மெல்லிய இடத்தில்தான் கீழ்ப்படை இலகுவில் உடையும், அந்த இடத்தைப் பத்தாவது ஆள் மிதிக்கலாம் என்றார். 2010இல் வன்னிக்குத் திரும்பியபோது, மாடு போன தடத்தை நம்பி மிதிவெடியில் காலை இழந்த ஒருவரை நினைத்துக்கொண்டேன். மிதிவெடியையாவது வேறு யாரோ புதைத்தார்கள். பனிச்சரிவைப் பெரும்பாலும் அதில் அகப்படுபவரோ கூடப்போனவரோதான் கிளப்பிவிடுகிறார்.

அண்ணாவின் பையில் சமிக்ஞைக் கருவி, நீளத் துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் எப்போதும் இருக்கும். புதையுண்டவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்து, அரை மணியளவில் மூன்றில் ஒருவரே மிஞ்சுகிறார். மீட்பு ஹெலிகொப்டர் அதற்குள் வந்துசேர்வது அரிது. தோண்ட வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்தான்.

நான் விமானம் ஏறிய நாளிலும் அறிக்கையில் மூன்றுதான் இருந்தது. சீனிப் பனி இறுக வாரக்கணக்கில் எடுக்குமாம்.