கார்டு இருக்கு... ஆஸ்பத்திரி இருக்கா?

“கார்டு இருக்கு சார், கம்பெனியில குடுத்தது!”

“இருக்கட்டும்மா. எங்க ஆஸ்பத்திரி இந்த லிஸ்ட்ல இல்லையே. முதல்ல அட்வான்ஸ் கட்டிடுங்க.”

நெஞ்சுவலியால் துடிக்கும் அப்பாவை வெள்ளிமலையில் வண்டி ஏற்றி, மலைப்பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு வந்து சேர்த்த மகளுக்கு இப்படியொரு பதில் கிடைத்தால்? கை வளையல் அடகுக் கடைக்குத்தான் போகும். இது கற்பனைக் காட்சிதான். ஆனால், கம்பெனி பாலிசி எடுக்கும் நாளில் செய்யும் ஒரு சின்னத் தவறு, நிஜத்தில் இங்கேதான் கொண்டு வந்து நிறுத்தும்.

உங்களிடம் ஐம்பது பேர் வேலை பார்க்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. உண்டு. அதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் குரூப் இன்ஷூரன்ஸ் எடுப்பீர்கள். பிரீமியம் எவ்வளவு என்று பேரம் பேசுகிறீர்கள் அல்லவா? கூடவே, “டி.பி.ஏ. யாரு?” என்றும் கேளுங்கள்.

அது யாருங்க டி.பி.ஏ.?

காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நின்று வேலை பார்க்கும் நிறுவனம்தான் டி.பி.ஏ. கார்டு கொடுப்பது, எந்தெந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம் என்று பட்டியல் வைத்திருப்பது, சிகிச்சைக்கு அனுமதி தருவது, பில்லைச் சரிபார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. 2001-ல் இதற்கான விதிகள் வந்தன. இவர்களுக்குக் கூலி தருவது காப்பீட்டுக் கம்பெனி. சில கம்பெனிகள் டி.பி.ஏ. இல்லாமல், தாங்களே இந்த வேலையைப் பார்த்துக் கொள்வதும் உண்டு.

‘அவங்க யாரை அனுப்புறாங்களோ, அவங்கதான்’ என்று நினைக்காதீர்கள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மேற்பட்ட டி.பி.ஏ.க்களை வைத்திருந்தால், அவர்களில் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 2019-ல் வந்த விதித் திருத்தம் இதற்கு வழி செய்திருக்கிறது. பாலிசி எடுக்கும்போதோ, புதுப்பிக்கும்போதோ கேட்க வேண்டும். அவ்வளவுதான்!

தேர்ந்தெடுக்கும் முன் கேளுங்கள்

1. ஆஸ்பத்திரி எங்கே? ‘நாடு முழுக்க ஆயிரக்கணக்கில்’ என்பார்கள். மயங்காதீர்கள்! கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஊர்வாரியாகப் பட்டியல் வாங்குங்கள். ஊழியர் டவுனில் இருப்பார்; பாலிசியில் சேர்த்திருக்கும் அவருடைய அப்பா, அம்மா கல்வராயன் மலையில் இருப்பார்கள். அவர்கள் எந்தப் பக்கம் இறங்குவார்கள்? கரியாலூர், வெள்ளிமலைக்காரர்களுக்குக் கள்ளக்குறிச்சி. கருமந்துறைப் பக்கம் என்றால் சேலம் மாவட்டம். இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி வேண்டும். பட்டியலில் உள்ள இரண்டு, மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு நீங்களே போன் போட்டு, ‘இவங்க கார்டை இன்னும் எடுத்துக்கறீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

2. ராத்திரி இரண்டு மணிக்கு யார் எடுப்பார்கள்? அவர்களுடைய உதவி எண்ணை ஒருநாள் நடுராத்திரியில் அழைத்துப் பாருங்கள். தமிழில் பேசுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

3. எவ்வளவு நேரம்? 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. பணமில்லாச் சிகிச்சைக்குக் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால், அதை ஏற்க வேண்டியது காப்பீட்டுக் கம்பெனி. இதைச் சொல்லி, ‘உங்க பழக்கம் எப்படி?’ என்று கேளுங்கள். அந்த டி.பி.ஏ.வை ஏற்கெனவே வைத்திருக்கும் வேறு முதலாளியிடமும் விசாரியுங்கள்.

4. ஆள் யார்? சிக்கல் வந்தால் பேச, பெயரும் போன் நம்பரும் உள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

லிஸ்ட்டில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால்?

2024 ஜனவரியில், பட்டியலில் இல்லாத இடத்திலும் பணமில்லாச் சிகிச்சை பெற பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தன. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் சம்மதிக்க வேண்டும். அதனால் இதையே முழுக்க நம்பி இருந்துவிடாதீர்கள். கையிலிருந்து கட்டும்படி ஆனால், ஒரிஜினல் பில், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை ரிப்போர்ட் அத்தனையும் பத்திரம்!

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, கம்பெனி கார்டு வேறு. இரண்டுக்கும் ஆஸ்பத்திரிப் பட்டியலும் வேறு வேறு. இரண்டும் இருந்தால் இரண்டையும் எடுத்துப் போங்கள்.

‘டி.பி.ஏ. முடியாதுன்னுட்டாங்க’ என்று சோர்ந்து திரும்பிவிடாதீர்கள். க்ளெய்மை நிராகரிக்கும் அதிகாரம் டி.பி.ஏ.வுக்கு இல்லை, அது காப்பீட்டுக் கம்பெனியின் முடிவு. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியிடம் புகார். பிறகு 155255 என்ற எண். அதற்கும் பலன் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணம் கிடையாது.

உயிருக்கு ஆபத்து என்றால், கார்டையும் லிஸ்ட்டையும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐ அழைத்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்!

முதலாளிகளே, அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும் முன் ஊழியர்களின் ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரிப் பட்டியலை வைத்துப் பாருங்கள். எந்த ஊருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதோ, அந்த ஊர்க்காரருக்கு நீங்கள் இன்னும் பாலிசி எடுக்கவில்லை என்று அர்த்தம்.