பழைய ஐரோப்பியக் கார்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டிப் பாலக்காடு வரையிலும், கம்பத்திலிருந்து குமுளி, போடியிலிருந்து பூப்பாறை, உடுமலையிலிருந்து மறையூர், மூணாறு வரையிலும் எல்லையோர ஊர்களில் ஒரு மாறுதலைப் பார்க்க முடிகிறது. ஜீப்பும் மாருதியும் நின்ற வாசல்களில் இப்போது போக்ஸ்வேகன் போலோ, ஸ்கோடா ரேபிட், ரெனோ டஸ்டர், ஃபியட் லீனியா ஆகிய கார்களும் நிற்கின்றன. இவற்றில் பல, புதிதாக வாங்கியவை அல்ல. ஒரு கையோ இரண்டு கையோ மாறி வந்தவை.

இப்படி வாங்குகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், ஏலக்காய் விலை நன்றாக இருந்த வருஷத்தில் கையில் கொஞ்சம் மீந்த சிறு விவசாயி, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர் என்று நடுத்தரக் குடும்பத்தினரே அதிகம். புதிதில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி மூன்று லட்சத்துக்குக் கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கதவைச் சாத்தினால் கனமான சத்தம். வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும் ஓட்டம். வாங்கியவர்கள் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் மலையோரக் குடும்பத்துக்குக் கார் என்பது பெருமைக்கு மட்டும் உரியதல்ல. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் தேனிக்கோ கோட்டயத்துக்கோ ஓடவேண்டிய வாகனமும் அதுதான். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உயிர் பெற வேண்டும். ஆகவே விலை மலிவா என்று கேட்பதற்கு முன், வண்டியை நம்பலாமா, அதைக் கட்டி மேய்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அம்பாசடரும் ஐரோப்பியக் கார்தான்

'வெளிநாட்டுக் கார் என்றாலே தொல்லை' என்று சொல்வாருண்டு. அது முழு உண்மையல்ல. நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறு அவதாரமே. 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014ல்தான் நின்றது. பத்மினி என்று பெயர் பெற்ற கார், இத்தாலிய ஃபியட் 1100. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு.

இந்த வண்டிகள் நம்பிக்கைக்கு உரியவையாக இருந்ததற்கு அவற்றின் எஞ்சின் மட்டும் காரணமல்ல. கொழிஞ்சாம்பாறையானாலும் குமுளியானாலும், ஸ்பானரும் திருப்புளியும் வைத்திருந்த எந்த மெக்கானிக்கும் அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்திருந்தார். உதிரி பாகம் பக்கத்து ஊர்க் கடையிலேயே கிடைத்தது. வண்டி அடிக்கடி நின்றதுண்டு. ஆனால் நின்ற இடத்திலேயே மறுபடி கிளம்பியும் விட்டது.

இதற்கு எதிர்மாறான பாடமும் சென்னையிலிருந்தே வந்தது. அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி. 1 காரின் அழகிய உடலுக்குள் அதைவிடப் பழைய 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். விலை அதிகம், பெட்ரோலையும் தாராளமாகக் குடித்தது. 1988ல் அதன் கதை முடிந்தது. வாங்கியவர்களிடம் அழகான வண்டி இருந்தது. அதற்குப் பின்னால் தயாரிப்பாளர் இல்லை. பழைய கார் வாங்குவோர் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விலை ஏன் சரிகிறது?

பழைய ஐரோப்பியக் கார் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணங்கள் உண்டு. பராமரிப்புச் செலவுக்குப் பயந்து பலர் விலகுவதால் கிராக்கி குறைகிறது. சில நிறுவனங்கள் கடையைக் கட்டிவிட்டன. ஃபியட் 2018-19 வாக்கில் புண்டோ, லீனியா கார்களை நிறுத்திக்கொண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது போக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனோ ஆகியவை தங்கள் சிறிய டீசல் எஞ்சின்களைக் கைவிட்டன.

மற்றொரு காரணம் டில்லி. அங்கே பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் கூறியதை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025ல் இந்தப் பிடி தளர்த்தப்பட்டது என்றாலும், அதற்குள் தரகர்கள் பலர் அங்கு விலை வீழ்ந்த கார்களைத் தெற்கே கொண்டுவந்து விற்றனர். கண்ணுக்கு அழகாக இருந்தாலும், அவை பிறந்து வளர்ந்த ஊரின் சர்வீஸ் கணக்கு இங்கே வாங்குபவரின் கைக்கு வருவது அபூர்வம்.

வெள்ளத்தையும் மறக்கலாகாது. 2015ல் சென்னையிலும் 2018ல் கேரளத்திலும் 2023ல் மறுபடி சென்னையிலும் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. ஐரோப்பியக் கார்களில் மின்னணுப் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் அதிகம். தண்ணீர் புகுந்த வண்டி சில மாதம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும். கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதும், இருக்கையின் அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. அது பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

எல்லாம் ஒரே ரகமல்ல

'ஐரோப்பியக் கார்' என்று ஒரே கூடையில் எல்லாவற்றையும் போட்டுவிட முடியாது. ஃபியட் புண்டோ, லீனியா கார்களில் உள்ள 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினையே மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களிலும் டாடாவின் விஸ்டா, மான்சா கார்களிலும் பொருத்தினார்கள். எனவே ஃபியட் நாட்டை விட்டுப் போனாலும் அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் சிறு ஊரிலும் இருப்பார். ஆனால் முன் விளக்கோ பம்பரோ கதவுக் கண்ணாடியோ உடைந்தால் அலைச்சல்தான்.

2012ல் வந்த பழைய டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினும் இப்படிப் பல வீடுகளில் வாழ்க்கைப்பட்டதே. நிசான் டெரானோ, சன்னி, மஹிந்திரா வெரிட்டோ ஆகியவற்றிலும் அது உண்டு. தரையிலிருந்து நல்ல உயரம் இருப்பதால் தோட்டத்துக் கல் பாதையில் அடி தட்டாமல் போகும். ஆனால் இதன் உள்ளே ஓடுவது சங்கிலியல்ல, டைமிங் பெல்ட். நிறுவனம் சொன்ன கி.மீ. கணக்கில் அதை மாற்றியே ஆகவேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுவது நல்லது.

போக்ஸ்வேகன், ஸ்கோடா டீசல் கார்களும் பெல்ட் ரகங்களே. இவற்றில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'டி.எஸ்.ஜி.' என்னும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி ஓட்டுவதற்குச் சுகமானது. பழுதானால் சாதாரணப் பட்டறையில் கை வைக்க மாட்டார்கள். 2013ல் அந்த நிறுவனம் உலகெங்கும் 16 லட்சம் வண்டிகளை இந்தக் கியர் பெட்டியின் எண்ணெயை மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. அதேபோல 2015ல் புகைச் சோதனையில் செய்த மோசடி அம்பலமான பின், இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் டீசல் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வாங்கப்போகும் வண்டிக்கு அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து முகவரிடமே கேட்டுவிடலாம்.

சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

பாலக்காடு, சித்தூர் பகுதி பெரும்பாலும் சமதளம். கோவை சுமார் 50 கி.மீ. தூரந்தான். அங்கே கம்பெனி ஒர்க்‌ஷாப்பும், கம்பெனியை விட்டு விலகித் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் தேர்ந்த மெக்கானிக்குகளும் உண்டு. காலையில் விட்டு மாலையில் எடுத்து வந்துவிடலாம்.

இடுக்கி அப்படியல்ல. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். குமுளியிலிருந்து கோட்டயம் நூறு கி.மீ.க்கு மேல், மதுரை அதைவிடத் தூரம். வண்டி நின்றால் கயிறு கட்டி இழுக்கும் கூலியே வயிற்றைக் கலக்கும். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகள் இன்றும் இந்தப் பாதையில் ராஜ்யம் செய்வதற்குக் காரணம், அவற்றைச் சரிசெய்யும் ஆள் வழியெங்கும் இருப்பதுதான்.

மலை ஏற்றம் வண்டியின் பலவீனத்தை வெளிக்கொண்டு வரும். வளைவுக்கு வளைவு அரைக் கிளட்சில் நிறுத்தி ஏற்றினால் கிளட்ச் தட்டு தேயும். சில டீசல் கார்களில் அதோடு இணைந்த இரட்டை ஃப்ளைவீலும் கெடும்; அப்போது செலவு சாதாரணக் கிளட்சைப் போல் பல மடங்காகும். ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்ததென்று ஓடைத் தண்ணீரை ஊற்றிப் பழகியவர்கள் இந்த வண்டிகளில் அதைச் செய்யக்கூடாது. உள்ளே உப்புப் படிந்தும் துருப்பிடித்தும் தண்ணீர் பம்ப் பழுதாகும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. மழை ஓயாத மலையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் சூடேறும்போது பிரேக் பிடிக்காமல் போகலாம்.

2020க்குப் பிந்தைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து கடைத்தெரு என்று மெதுவாக ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

பேனா பிடித்துப் பார்த்தால்

ஒரே வயதுள்ள இரண்டு டீசல் கார்கள். ஐரோப்பிய வண்டி 3 லட்சம், எங்கும் கிடைக்கும் சிறு கார் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது ஒரு லட்சம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டம், டீசல் லிட்டர் 95 ரூபாய்.

பாலக்காட்டுச் சமவெளியில் கனமான ஐரோப்பிய வண்டி லிட்டருக்கு 18 கி.மீ., சிறு கார் 20 கி.மீ. தந்தால் ஆண்டுக்கு வித்தியாசம் சுமார் 5,300 ரூபாய். ஐந்து ஆண்டில் 26,500. மிச்சம் பிடித்த ஒரு லட்சத்தில் 73,500 ரூபாய் ரிப்பேருக்கு நிற்கிறது. மலையில் அதுவே 13 கி.மீ., 16 கி.மீ. என்று இறங்கினால் ஆண்டு வித்தியாசம் சுமார் 13,700. ஐந்து ஆண்டில் 68,500. ரிப்பேருக்கு மிஞ்சுவது 31,500 மட்டுமே. ஒரு பெரிய பழுது அதை விழுங்கிவிடும். வண்டி ஒன்றுதான், ஊர் மாறினால் கணக்கு மாறுகிறது.

எனவே கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக்கூடாது. நான்கில் ஒரு பங்கையாவது தபால் ஆபீஸிலோ பாங்கியிலோ தனியே வைத்துவிட்டு, மீதிக்குள் கிடைக்கும் வண்டியைப் பார்ப்பதே முறை. பெட்ரோல் வண்டி வாங்குவோர், இப்போது எங்கும் விற்பனையாகும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏற்றதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கவனித்து மாற்ற நேரும்.

எல்லை தாண்டினால் காகிதம்

கோவையிலோ தேனியிலோ வாங்கிக் கேரளத்தில் ஓட்டுவோர் பலர் சறுக்குவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். அதற்கு 28ஆம் எண் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்கள். கேரளத்தில் வரி கட்டவேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். விலை பேசும்போதே இந்த வரியையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மலிவு மலிவாக இராது.

பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது; நேரடியாக இறக்குமதியான காருக்கு 40,000. இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் முறையே 10,000, 80,000 என்று உயர்த்தப்பட்டது. கிழட்டு இறக்குமதிக் காரின் மேல் காதல் கொண்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆர்.சி. யாருடைய பெயரில் இருக்கிறது, கடன் பாக்கி உண்டா, அபராதம் நிலுவையா என்பவற்றை அரசின் வாகன் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். 2025 செப்டம்பரில் பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்ட பழைய கார்களைத் தேடிக் கேரளத்தில் சுங்கத் துறையினர் பல இடங்களில் சோதனை நடத்தியதை வாசகர்கள் அறிவார்கள். மூலம் தெரியாத வண்டியை வாங்கினால் பணமும் போகும், நிம்மதியும் போகும். இன்சூரன்ஸை வாங்கியவர் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவருக்குச் சேர்ந்த 'நோ க்ளைம்' சலுகை வண்டியோடு வராது.

முதலில் மெக்கானிக், பிறகு கார்

பெண் பார்க்கப் போகுமுன் குடும்பத்தை விசாரிப்பதுபோல, கார் பார்க்கப் போகுமுன் மெக்கானிக்கை விசாரிக்கவேண்டும். அந்த ரகத்தைக் கம்ப்யூட்டர் கருவி மாட்டிப் பரிசோதிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறாரா? இருந்தால் அவரையே அழைத்துப்போய், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் கிளப்பிப் பார்த்து, ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்து வாங்கலாம். அவருக்குக் கொடுக்கும் கூலியைவிட லாபமான செலவு இந்த வியாபாரத்தில் வேறில்லை.

அப்படி ஒருவர் இல்லாத மலையூரில் குடும்பத்தின் ஒரே வண்டியாக இதை நம்பியிருப்பது சரியல்ல. கோவைக்கு அருகிலுள்ள சித்தூர்க்காரருக்கு நல்ல பேரமாக அமையும் அதே கார், வண்டன்மேட்டுக்காரருக்குக் கடனாக முடியக்கூடும். காரின் தரத்தைத் தொழிற்சாலை தீர்மானிக்கலாம். அதை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பது, வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தூரமே.