மூச்சுத் திணறும் மோட்டார்

தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு பெட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கும். ஓவர்ஹெட் கிளீனர் என்பார்கள். அதன் இரு பக்கமும் நீளக்குழாய்கள் தொங்கும். சில குழாய்கள் காற்றை ஊதி, இயந்திரத்தின் மேல் படிந்த பஞ்சைக் கீழே தள்ளும். தரையை ஒட்டி நகர்ந்து வரும் குழாய்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அதே ஃபிரேமின் ஒரு முனையில் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதற்குப் பெயர் நியூமாஃபில். ஓர் இழை அறுந்துவிட்டால் ரோலரிலிருந்து வரும் பஞ்சு போக இடமில்லாமல் நிற்கும் அல்லவா, அதை ஒரு சிறு துளை வழியாக இழுத்து இந்தப் பெட்டியில் சேர்ப்பார்கள். பெட்டிக்குள் ஒரு வலை. காற்று வலையைத் தாண்டிப் போய்விடும், பஞ்சு தங்கிவிடும். வலை முழுக்கப் பஞ்சு மூடிவிட்டாலும் மோட்டார் நிற்பதில்லை. ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஃபிரேமின் மறுகோடியில் உறிஞ்சல் செத்துப்போயிருக்கும். அங்கே அறுந்த இழையின் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். பக்கத்து இழையையும் அறுத்துவிடும். அதனால் பெட்டியைத் திறந்து பஞ்சை அள்ளுவது ஷிப்டுக்குள் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. அதை யாரும் சுத்தம் பற்றிய வேலையாக நினைப்பதில்லை. உற்பத்தி பற்றிய வேலை அது.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வாக்குவம் கிளீனருக்கும் இதே உடம்புதான், இதே நோய்தான். ‘முன்ன மாதிரி இழுக்கல’ என்று ஓரங்கட்டப்படும் மெஷின்களைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் மோட்டாரில் குறை இருக்காது. காற்று போகும் வழியில்தான் இருக்கும்.

வாக்குவம் கிளீனரின் கதையே காற்றுக்கு வழிவிடும் கதைதான். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், காற்றை ஊதித் தூசியை விரட்டும் ஓர் இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதினால் தூசி இடம் மாறுமே தவிர வெளியேறாது. உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர், ஓர் உணவகத்தின் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து இழுத்துப் பார்த்தாராம். கைக்குட்டையின் அடிப்பக்கம் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது. உறிஞ்சுவது எப்படி என்பது அன்றைக்கே பலருக்கும் தெரியும். காற்றை விட்டுவிட்டுத் தூசியை மட்டும் பிடித்துக்கொள்ளும் துணி எது என்பதுதான் பூத் கண்டடைந்த விஷயம். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர் என்ற ஆஸ்துமாக்காரத் துப்புரவுப் பணியாளர், ஒரு மின்விசிறி, துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் தள்ளும் மெஷின் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய குடும்பத்தின் பெயர் ஹூவர். நம் ஊருக்கு இந்தச் சாமான் பரவலாக வந்தது 1982-க்குப் பிறகு. அந்த ஆண்டு தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் அது.

இனி அந்தத் தலையணை உறைக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்போம். மோட்டாரோடு சேர்ந்த விசிறி, நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழன்று உள்ளேயிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் அந்தக் குறையை நிரப்பக் குழாய் வழியே பாய்ந்து வருகிறது. வரும் வேகத்தில் தூசியையும் அள்ளி வருகிறது. ஒரு சாதாரண வீட்டு மெஷின் உண்டாக்கும் அழுத்தக்குறைவு சுமார் 20 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தண்ணீரை இதே விசையால் இரண்டு மீட்டர் உயரம் ஏற்றலாம், அவ்வளவுதான்.

தண்ணீர் என்றதும் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிடும். கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அவர்கள் இரண்டு இடங்களைத்தான் பார்ப்பார்கள். ஒன்று, ஃபுட்வால்வில் பாசியோ குப்பையோ அடைத்திருக்கிறதா. இன்னொன்று, உறிஞ்சுகுழாயில் எங்காவது ஓட்டை விழுந்து ‘ஏர் வாங்குகிறதா’. வாக்குவம் கிளீனருக்கும் அந்த இரண்டைத் தவிர மூன்றாவது வியாதி அபூர்வம். அடைப்பா, கசிவா என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

உறிஞ்சுகுழாயின் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். சத்தம் சட்டென்று கீச்சென உயரும். மெஷின் திணறுகிறது, பாரம் தாங்காமல் கத்துகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பது நேர்எதிர். தள்ளுவதற்குக் காற்றே இல்லாததால் விசிறியின் பாரம் குறைகிறது. பாரம் குறைந்ததால் மோட்டார் வேகம் எடுக்கிறது. அந்த நேரத்தில் அது இழுக்கும் மின்சாரமும் குறைவுதான். பிறகு ஏன் சூடேறி நின்றுபோகிறது? பெரும்பாலான வீட்டு மெஷின்களில் மோட்டாரைக் குளிர வைப்பதும் அதே காற்றுதான். தூசியை இழுத்து, வடிகட்டியைத் தாண்டி வரும் காற்று மோட்டாரின் சுருள்களை நனைத்துக்கொண்டு போவதுபோல் தடவிக்கொண்டுதான் வெளியேறுகிறது. வழி அடைத்தால் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது. நல்ல மெஷினில் வெப்பக் கட்டுப்பாட்டு சுவிட்ச் இருக்கும். சூடு எல்லை மீறினால் தானாக நின்றுவிடும். ‘போச்சு, எரிந்துவிட்டது’ என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, அடைப்பை எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டால் பல சமயம் திரும்ப ஓடும். தண்ணீரையும் உறிஞ்சும் ஈர-உலர் மெஷின்களில் மோட்டாருக்குத் தனிக் குளிர்விசிறி உண்டு. அவை இந்த விஷயத்தில் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, எதையும் மூடாமலே சத்தம் கீச்சென்று இருந்தால் அடைப்பு. சத்தம் இயல்பாக இருந்தும் முனையில் இழுவை இல்லை என்றால் கசிவு. குழாயில் கீறல், அல்லது தூசிப்பெட்டியின் மூடியில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. அடைப்பு என்றால் முனையைக் கழற்றிப் பாருங்கள், அடுத்துக் கம்பிக்குழாய், அடுத்து வளைகுழாய் என்று ஒவ்வொன்றாக. எதைக் கழற்றியதும் சத்தம் இறங்குகிறதோ அதற்குள்தான் ஆள் ஒளிந்திருக்கிறார். எல்லாவற்றையும் கழற்றியும் கீச்சென்றால் குற்றவாளி வடிகட்டி.

வடிகட்டி அடைப்பதில் நம் பகுதிக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் எண்ணும் நான்கு கணவாய்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு போய் இந்தப் பக்கம் இறங்குகிறது. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். ஆனி, ஆடியில் ஜன்னல் விளிம்பெல்லாம் செம்மண் படிவதும் அதனால்தான்.

இந்த மண்ணில் பெரிய துகள்கள் தொல்லை தருவதில்லை. பத்து மைக்ரான் அளவுள்ள ஒரு மண்துகள், அசையாத காற்றில் தலை உயரத்திலிருந்து தரையைத் தொட மூன்று நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு ஐந்து மணி நேரம். வடிகட்டி சரியில்லாத மெஷின் இந்தப் பொடித்துகளை முன்பக்கம் இழுத்துப் பின்பக்கம் ஊதிவிடும். வீட்டைச் சுத்தம் செய்த மாலையில் தும்மல் வருவது அதனால்தான். ஹெப்பா வடிகட்டி என்று விற்பது இதற்காக. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். அதைவிடச் சின்னத் துகள் நழுவிவிடும் என்று பொருளில்லை. பெரிய துகள் திரும்ப முடியாமல் இழையில் மோதி மாட்டும். மிகச் சின்னது காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டுத் தள்ளாடி இழையில் போய் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, கிட்டத்தட்ட 0.3 மைக்ரானில் இருப்பதுதான் பிடிக்கக் கடினமானது. அதனால் பரீட்சை அதற்கு வைக்கிறார்கள்.

அடுத்த ஆள் இலவம் பஞ்சு. போடிநாயக்கனூர் மெத்தை, தலையணை இல்லாத வீடு இங்கே குறைவு. தையல் விட்ட மெத்தையிலிருந்து உதிரும் பஞ்சைக் கண்டதும் வாக்குவத்தைத் தூக்காதீர்கள் என்பேன். இலவம் இழை உள்ளே வெறும் குழல். அதன் கொள்ளளவில் பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு வேறு. பையில்லாத சைக்ளோன் மெஷின், காற்றைச் சுழற்றி, எடையுள்ள துகளைச் சுவருக்குத் தள்ளிப் பிரிக்கிறது. எடையே இல்லாத இலவம் அந்தச் சுழலுக்குக் கட்டுப்படாது; காற்றோடு மிதந்து நடுவில் இருக்கும் சல்லடைமேல் கம்பளி போர்த்தியதுபோல் மூடிக்கொள்ளும். அதன்மேல் செம்மண் படிந்தால் பிறகு எதுவும் உள்ளே போகாது. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே உத்தமம்.

இதே பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட தட்டுக்கு அடியில் சிந்திய சாம்பல் அணைந்ததுபோல் தெரியும். பாயும் காற்றில் அதன் கங்கு மறுபடி உயிர் பெற்று, தூசிப்பைக்குள் இருக்கும் பஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் ஒரு ராத்திரி ஆறட்டும். ஆறிய பிறகும் விபூதி, கோலப்பொடி இரண்டையும் துடைப்பதே நல்லது. வடிகட்டியின் நுண்துளைகளை ஒரே மூச்சில் அடைக்கும் பொடிகள் அவை.

உண்மையில் மொசைக், டைல்ஸ் தரைக்குப் பூந்துடைப்பமும் ஈரத்துணியும் போதும். அங்கே வாக்குவம் ஆடம்பரம்தான். மெத்தை, சோபா, ஜன்னல் கொசுவலை, கார், மின்விசிறி இறக்கை, இவற்றில்தான் அது காசுக்கு வேலை செய்கிறது.

மெஷினைச் சுத்தம் செய்யும் முறை துணிப்பை, பெட்டி, வடிகட்டி மூன்றுக்கும் வேறு வேறு. துணிப்பையை மாதத்துக்கொரு முறை சோப்புப் போட்டு அலசுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. துணியின் உள்பக்கம் படிந்த மெல்லிய தூசிப் படலமே ஒரு கூடுதல் வடிகட்டி. புதுப்பையைவிடப் பழகிய பை நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும். மொட்டைமாடியில் காற்று முதுகுப்பக்கம் வீசும்படி நின்று தட்டி உதறினால் போதும். பிளாஸ்டிக் தூசிப்பெட்டியை ‘மேக்ஸ்’ கோட்டுக்கு முன்பே காலி செய்ய வேண்டும். கோட்டைத் தாண்டினால் சுழல் காற்று கீழே கிடக்கும் தூசியையே மீண்டும் வாரி வடிகட்டிக்கு அனுப்பும். ஆடிமாத வறட்சியில் பெட்டியின் சுவரில் தூசி விடாப்பிடியாக ஒட்டும். உரசலால் ஏறும் நிலைமின்னூட்டம் அது, ஈரத்துணியால் துடைத்தால் இறங்கிவிடும்.

ஸ்பாஞ்சு வடிகட்டியைத் தாராளமாகக் கழுவலாம். சோப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும், நீர் தெளிந்து வரும்வரை. ஹெப்பாவைக் கழுவுமுன் அதன் சட்டத்தில் கழுவலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் அது கண்ணாடி இழைக் காகிதமாகவோ, மின்னூட்டம் ஏற்றிய பிளாஸ்டிக் இழையாகவோ இருக்கலாம்; முன்னது கிழியும், பின்னது சோப்புப் பட்டால் பிடிப்பை இழக்கும். எதைக் கழுவினாலும் முழு நாள் நிழலில் காய வேண்டும். துளைகளில் நீர்ப்படலம் நிற்கும்வரை வடிகட்டி அடைத்ததற்குச் சமம்; அதோடு ஈரம் நேரே மோட்டாருக்குப் போகும், ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சைவாடை வேறு வரும். ஆடிக்காற்றில் மாடியில் காயப்போட்டால் சீக்கிரம் காயும், கூடவே கழுவிய மண்ணும் திரும்ப வந்து ஏறும். வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

சுழலும் பிரஷ் உள்ள முனையைத் திருப்பிப் பாருங்கள். நீள முடி, தைக்கும் நூல், மல்லிகைச்சரம் கட்டிய நார், எல்லாம் இறுகச் சுற்றியிருக்கும். ரோலரின் நீளவாக்கில் கத்தரிக்கோலை விட்டு வெட்டினால் சீலையை உரித்த மாதிரி வந்துவிடும். நடுவில் சுற்றியதைவிட இரண்டு ஓரத்திலும் பேரிங்குக்குள் புகுந்த முடிதான் ஆபத்து. உராய்வில் சூடேறிப் பிளாஸ்டிக் உருகுவது அங்கேதான்.

கரிந்த வாடையோ, காற்றுத்துளை வழியே பெரிய தீப்பொறியோ தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல மெஷின்களில் இருப்பது மிக்ஸியில் இருக்கும் அதே வகை மோட்டார்தான். மிக்ஸிக்கு ஆர்மேச்சர் பார்க்கிற, காயில் கட்டுகிற கடைக்காரருக்கு இது கைவந்த வேலை. இரண்டு பிரஷ்ஷையும் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். புதுசு போட்ட முதல் சில நிமிடம் லேசாகப் பொறி தெரியும். பிரஷ்ஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தும்வரை அப்படித்தான் இருக்கும். பயந்து அணைக்க வேண்டாம், உறிஞ்சுகுழாயை மாட்டாமல் சிறிது நேரம் ஓடவிட்டால் அடங்கிவிடும்.