வெயில் ஊரில் ஒரு ஹீட்டர் வால்வு

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பித்தளை வால்வு அம்பாசிடர் காரின் ஹீட்டருக்கானது; இன்ஜினில் சூடேறிய தண்ணீரை டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள குட்டி ரேடியேட்டருக்குத் திறந்துவிடும், வேண்டாதபோது அடைக்கும்.

அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்த கார். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே வரை தயாரானது. அதன் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் குளிர் நாட்டில் பிறந்ததுதான். சித்திரையில் கார்க் கதவைத் தொட்டாலே கை சுடும் மேலூரில் ஹீட்டர் எதற்கு? சமவெளியில் பலர் அதைப் பொருத்தவே இல்லை.

ஆனால் கொடைக்கானல் ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தின் இரவுக் குளிருக்கு மட்டுமல்ல. மலைப்பாதையில் இன்ஜின் கொதிக்கத் தொடங்கினால் ஹீட்டரைத் திறந்து ஃபேனைப் போடுவார்கள். சூட்டில் ஒரு பங்கு அந்த வழியே இறங்கிவிடும். காருக்குள் இருப்பவர்கள் வியர்த்தாலும் வண்டி நிற்காது.

நெடுநாள் மூடியே கிடப்பதுதான் இந்த வால்வுக்கு எமன். கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டியில் வால்வின் வாயில் வெள்ளைப் படிவு ஏறும். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு காய்ந்து அப்பளம்போல வெடிக்கும்.

பழுதுபார்க்க, மடித்து அடைத்த விளிம்பை மெல்ல நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழியும். புளிக்கரைசலில் ஊறவைத்தால் படிவு இளகும். பழைய டியூபை வெட்டி வைக்கக் கூடாது. கொதிநீர் தாங்கும் ஈபிடிஎம் ரப்பரில் புதுச் சவ்வு வெட்டி, விளிம்பைத் திரும்ப மடிக்க வேண்டும். பிறகு வால்வை மூடி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு முனையில் குழாய் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். குமிழி வரக்கூடாது.